எத்தனையாவது நாள்? காய்ச்சல் பிரிவில் புதிதாக உட்காருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் காய்ச்சலுக்கென்று தனி வரிசை போட்டுவிடுவார்கள். வரிசையில் நிற்கும் எல்லோரும் சொல்வது ஒன்றேதான்: காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, குமட்டல். பெரும்பாலானவை நாலைந்து நாளில் தானே அடங்கிவிடும் வைரஸ் காய்ச்சல்கள். மிச்சத்துக்குள் டெங்கு, சிக்குன்குனியா, மலேரியா, டைபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் என்று ஆறும் கலந்து கிடக்கும். ஆறுக்கும் வைத்தியம் ஒன்றல்ல. ஆபத்து வருகிற நாளும் ஒன்றல்ல.

ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். தவறான நாளில் எடுத்த ரத்தம் பொய் சொல்லும். அச்சடித்த தாளில் சொல்வதால் அந்தப் பொய்யை எல்லோரும் நம்பிவிடுவார்கள். ஊசியை எடுப்பதற்கு முன் மூன்று வேலை இருக்கிறது: நாளை எண்ணுவது, போய்வந்த இடத்தைக் கேட்பது, உடம்பைத் தேடிப் பார்ப்பது. புதிய செவிலியருக்கும் பயிற்சி மருத்துவருக்கும் இந்தக் குறிப்பு உதவும். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவரும் படிக்கலாம். ஆனால் மருந்தைத் தீர்மானிப்பது மருத்துவரின் வேலை.

அதற்கும் முன்னால் வரிசையை ஒரு நடை நடந்து பாருங்கள். பேச்சு குழறுபவர், வலிப்பு வந்தவர், மூச்சு வாங்குபவர், கை கால் சில்லிட்டவர், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதவர், எங்கிருந்தாவது ரத்தம் கசிபவர், கழுத்தைக் குனிய முடியாதவர், மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை ஆகியோர் வரிசையில் நிற்கக் கூடாது. நேரே உள்ளே அனுப்புங்கள். கர்ப்பிணியையும் முன்னால் விடுங்கள்.

நாள் கணக்கு

காய்ச்சல் தொடங்கிய தேதியே முதல் நாள். இதைச் சரியாகக் கேட்டு வாங்குவது தனிக் கைவேலை. காய்ச்சல் கொதித்த நாளைத்தான் மக்கள் தொடக்கம் என்று சொல்வார்கள். உடம்பு முதலில் முறுக்கிய நாளைச் சொல்ல மாட்டார்கள். பேச்சு இப்படித்தான் போகும்:

"எப்பலேர்ந்து காய்ச்சல்ணா?"

"நேத்துலேர்ந்துதான் சிஸ்டர்."

"முந்தாநாள் வேலைக்குப் போனீங்களா?"

"போனேன். மத்தியானமே வந்துட்டேன், ஒரே அசதி."

"ராத்திரி சாப்பிட்டீங்களா?"

"எங்க? கடையில ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டேன். வேர்த்துக் கொட்டி விட்டுருச்சு."

சீட்டில் இரண்டாம் நாள் என்று எழுதியிருப்பீர்கள். இவருக்கு இன்று மூன்றாம் நாள். டெங்குவாக இருந்தால் ஆபத்தான கட்டம் தொடங்கக்கூடிய நாள் அது. தேதி நினைவில்லாதவரிடம் தேதியைக் கேட்காதீர்கள். சந்தை நாள், அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு, ரேஷன் வாங்கிய நாள் என்று ஏதாவது ஒன்றில் கட்டிக் கேளுங்கள். சீட்டில் "3 நாள்" என்று எழுதாமல் தொடங்கிய தேதியையே எழுதுங்கள். அடுத்த ஷிப்டில் வருபவர் அந்த "3 நாள்" எந்தத் தேதியில் எழுதியது என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

நாள் கணக்கிலேயே பாதிப் பிரிவினை முடிந்துவிடும். டெங்குக் காய்ச்சல் இரண்டிலிருந்து ஏழு நாள்தான் இருக்கும். எட்டாம் நாளும் நூற்றிரண்டு டிகிரி அடிக்கிறதென்றால் அது வெறும் டெங்குவாக இருக்க வாய்ப்பு குறைவு. டைபாய்டு, உண்ணிக் காய்ச்சல், மலேரியா பக்கம் திரும்ப வேண்டும். இரண்டு வாரம் தாண்டினால் காசநோயையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்கிய விதமும் துப்புத் தரும். டெங்குவும் சிக்குன்குனியாவும் காலையில் நன்றாக இருந்தவரை மாலையில் படுக்கையில் தள்ளும்; நேரத்தைக்கூடச் சொல்லிவிடுவார்கள். டைபாய்டு அப்படி வராது. நாளுக்கு நாள், மாலைக்கு மாலை ஒரு படி கூடும். எந்த நாளில் தொடங்கியது என்று நோயாளிக்கே தெரியாவிட்டால், அந்தத் தெரியாமையே டைபாய்டுக்கு ஒரு குறிப்பு.

எங்கே போனார், என்ன வேலை

கடந்த ஒரு மாதத்தைக் கேளுங்கள். ஒரு வாரம் போதாது. கிருமி உள்ளே போய்க் காய்ச்சலாக வெளிப்படும் இடைவெளி டெங்குவுக்கு 4 முதல் 10 நாள். உண்ணிக் காய்ச்சலுக்கு 6 முதல் 21 நாள். டைபாய்டுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் ஒரு மாதம் வரை போகலாம். வைவாக்ஸ் வகை மலேரியா கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிவிட்டு எழுந்து வரும். "முன்னாடி எப்பவாவது மலேரியா வந்துச்சா? பதினாலு நாள் மாத்திரையை முழுசா முடிச்சீங்களா?" என்பதைத் தவறாமல் கேளுங்கள். உறங்கும் கிருமியைக் கொல்வது அந்தப் பதினான்கு நாள் பிரைமாகுயின்தான். காய்ச்சல் விட்டதும் நாலாம் நாளே நிறுத்தியவர்களே திரும்ப வருகிறார்கள்.

மலேரியாவைக் காட்டு நோய் என்று நினைத்துச் சென்னைக்காரரிடம் கேட்காமல் விடாதீர்கள். அங்கே அதைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி கொசு மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும். கட்டடத் தொழிலாளர், ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்தவர், அங்கே போய்த் திரும்பிய லாரி ஓட்டுநர் என்றால் ஃபால்சிபாரம் வகையையும் நினைக்க வேண்டும். உயிரை எடுப்பது பெரும்பாலும் அந்த வகைதான்.

வெள்ளத்தில் நடந்தாரா, சாக்கடை அள்ளினாரா, நாற்று நட்டாரா, மாட்டுக் கொட்டகையில் வேலையா என்பவை எலிக்காய்ச்சலுக்கான கேள்விகள். எலி கடிக்க வேண்டியதில்லை. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் சிராய்ப்புள்ள கால் பட்டால் போதும். புல் அறுத்தல், விறகு பொறுக்குதல், ஆடு மேய்த்தல், புதர் ஓரம் ஒதுங்குதல் ஆகியவை உண்ணிக் காய்ச்சலைச் சுட்டும். பெயர் உண்ணி என்று இருந்தாலும் மாட்டு உண்ணியைத் தேடாதீர்கள். கடிப்பது கண்ணுக்கே தெரியாத ஒரு வகைச் சிலந்திப்பேனின் குஞ்சு. அதனால் "எதுவும் கடிக்கவே இல்லை" என்று நோயாளி சத்தியம் செய்வார். அதை வைத்து இந்த நோயைத் தள்ளிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் மழை விட்டுப் பனி இறங்கும் மாதங்களில் இது கூடும். நகர்க்காரருக்கும் வரும், வீட்டுக்குப் பின்னால் புதர் மண்டிய காலி மனை ஒன்று போதும்.

உடம்பைத் தேடுவது

அதிகம் தவறவிடப்படும் படி இதுதான். வரிசை நீளமாக இருக்கிறது, திரை இல்லை, நோயாளிக்குக் கூச்சம் என்று காரணங்கள் நியாயமாகவே இருக்கும். ஆனால் உண்ணிக் காய்ச்சலை எந்த ஆய்வகமும் இல்லாமல் கண்டுபிடித்துத் தருவது தோலில் இருக்கும் ஒரு பொருக்கு. மிளகு அளவிலிருந்து பட்டாணி அளவு வரை இருக்கும். நடுவில் கறுத்துக் காய்ந்து, சுற்றிலும் சிவந்த வளையம். பீடி நெருப்பு சுட்ட இடம் போலத் தெரியும். வலிக்காது, அரிக்காது. அதனால்தான் நோயாளிக்கே தெரிவதில்லை.

தேடும் வரிசை: காதுக்குப் பின், கழுத்து மடிப்பு, அக்குள், பெண்களுக்கு மார்பின் அடி மடிப்பு, இடுப்பில் பாவாடை நாடாவும் அரைஞாணும் இறுகும் கோடு, தொப்புள், தொடை இடுக்கு, ஆண்களுக்கு விதைப்பை, பிட்ட இடுக்கு, முழங்காலின் பின் மடிப்பு. துணி இறுக்கி நிற்கும் இடத்தில்தான் அந்தக் குஞ்சு நகர முடியாமல் நின்று கடிக்கிறது. ஈரமான மடிப்புகளில் கறுப்புப் பொருக்கு இருக்காது. ஊறி உதிர்ந்து வெளிர்மஞ்சள் அடியுள்ள சிறு பள்ளமாகத் தெரியும். கறுப்பை மட்டுமே தேடுபவர் இதைத் தாண்டிப் போய்விடுவார். பக்கத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நெறி கட்டிய இடத்துக்குக் கீழே மறுபடி தேடுங்கள். பெண் நோயாளி என்றால் பெண் செவிலியர் திரைக்குப் பின்னால் பார்க்க வேண்டும். "எங்கயாவது புண்ணு இருக்கா?" என்று வாயால் கேட்டு முடித்துக்கொள்வதைத் தேடல் என்று சொல்ல முடியாது. எல்லாருக்கும் பொருக்கு இருக்காது. அது இல்லை என்பதால் நோயும் இல்லை என்று ஆகாது.

அடுத்தது கெண்டைக்கால். காய்ச்சலில் எல்லாருக்கும் கால் வலிக்கும். எலிக்காய்ச்சல்காரரின் கெண்டைச் சதையை மெல்ல அழுத்தினாலே கையைத் தட்டிவிடுவார், நடக்கவே தயங்குவார். கூடவே கண்ணைப் பாருங்கள். வெள்ளை விழி சிவந்திருக்கும், பீளை இருக்காது. மெட்ராஸ் ஐ வந்தால் பீளை கட்டும். சிவந்த கண், தொட்டால் வலிக்கும் கெண்டை, வெள்ளத் தண்ணீர் மூன்றும் சேர்ந்துவிட்டால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மஞ்சள் காமாலை தெரிந்தால் ஒரு கேள்வி: மஞ்சள் வந்த பிறகு காய்ச்சல் விட்டதா, நீடிக்கிறதா? சாதாரண வைரஸ் காமாலையில் கண் மஞ்சளாகும்போது பெரும்பாலும் காய்ச்சல் விட்டிருக்கும். இரண்டும் சேர்ந்தே நின்றால் எலிக்காய்ச்சல், ஃபால்சிபாரம் மலேரியா, உண்ணிக் காய்ச்சல் ஆகியவற்றைத் தேட வேண்டும்.

சிக்குன்குனியாவில் மூட்டு பேசும். மணிக்கட்டு, விரல் கணு, கணுக்கால் வீங்கி, காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாது. "உடம்பே முறிஞ்சு போச்சு" என்பது டெங்கு. "கையை மடக்க முடியல" என்பது சிக்குன்குனியா. 1952ல் இன்றைய தான்சானியாவின் மாகொண்டே மக்களிடையே முதலில் அறியப்பட்ட நோய் இது. கூனிப் போவதைக் குறிக்கும் அவர்களுடைய சொல்தான் பெயராக நின்றுவிட்டது.

டெங்குவுக்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. ரத்த அழுத்தம் பாருங்கள். 110/70 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடு எண் 90. பட்டையை 90ல் ஏற்றி ஐந்து நிமிடம் அப்படியே நிறுத்துங்கள். அவிழ்த்து, கையின் நிறம் திரும்ப இரண்டு நிமிடம் கொடுத்து, முழங்கை மடிப்புக்குக் கீழே இரண்டரை சென்டிமீட்டர் சதுரம் வரைந்து எண்ணுங்கள். பத்து அல்லது அதற்கு மேல் புதிய செம்புள்ளிகள் இருந்தால் டெங்குச் சந்தேகம் கூடுகிறது. கறுத்த தோலில் டார்ச் அடித்துத் தோலை இழுத்துப் பிடித்தால்தான் தெரியும். ஐந்து நிமிடம் நிறுத்தாமல் இரண்டு நிமிடத்தில் அவிழ்ப்பதுதான் வழக்கமான தவறு. பல டெங்கு நோயாளிகளுக்கும் புள்ளி வராது என்பதால் "புள்ளி இல்லை, போகலாம்" என்று அனுப்ப இதைப் பயன்படுத்தக் கூடாது.

டைபாய்டுக்கு நாக்கையும் நாடியையும் பாருங்கள். நடுவில் வெள்ளைப் படிவம், ஓரமும் நுனியும் சிவப்பு. 103 டிகிரி காய்ச்சலில் நாடி 110ஐத் தாண்ட வேண்டும். 84ல் நிதானமாக ஓடுகிறதென்றால் கவனியுங்கள். டெங்குவிலும் சில சமயம் இப்படி வரும், எனவே தனிச் சான்றாகக் கொள்ள முடியாது. பாடநூலில் வரும் ரோஜாநிறப் புள்ளிகளை நம் தோல் நிறத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மூக்கு ஒழுகுதலும் தும்மலும் முன்னால் நின்றால் இந்த ஆறும் பின்னுக்குப் போய், ஃப்ளூவும் கொரோனாவும் முன்னுக்கு வரும். குளிர் நடுக்கத்தோடு விலாவுக்குப் பின்னால் ஒரு பக்க வலி, சிறுநீர் எரிச்சல் என்றால் சிறுநீரகத் தொற்று. மலேரியா என்றே நினைத்து அலைக்கழிக்கப்படும் பெண்கள் இதில் பலர்.

சாதாரண ரத்தச் சோதனையை வாசிப்பது

விலை உயர்ந்த கார்டு டெஸ்டுகளுக்கு முன்னால் அணுக்களின் எண்ணிக்கை. தாளைக் கையில் வாங்கியதும் எல்லோர் கண்ணும் பிளேட்லெட்டுக்கு ஓடும். அதை ஒரு நிமிடம் கையால் மறைத்துக்கொண்டு வெள்ளை அணுவைப் பாருங்கள். டெங்குவில் அது 4,000, 3,000 என்று இறங்கியிருக்கும். எலிக்காய்ச்சலில் பெரும்பாலும் ஏறியிருக்கும். உண்ணிக் காய்ச்சலில் இயல்பாகவோ ஏறியோ இருக்கும். பிளேட்லெட் 80,000, வெள்ளை அணு 13,000 என்றிருக்கும் தாளில் "டெங்கு" என்று எழுதும் முன் இன்னொரு முறை பொருக்கைத் தேடுங்கள். பிளேட்லெட் குறைவது மலேரியா, உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், டெங்கு நான்குக்கும் பொது. அதை வைத்து எதையும் பிரிக்க முடியாது. சிக்குன்குனியாவில் ஒரு லட்சத்துக்குக் கீழே போவது அரிது.

இன்னொரு பொறி. ரத்தம் பிடிக்கும் சோதனைக் குழாயில் உள்ள உறையாமருந்தால் சிலருடைய தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் கட்டியை ஒன்றாக எண்ணி 20,000 என்று அச்சடிக்கும். ஆள் தெம்பாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தால், அலறுவதற்கு முன் கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி குத்தச் சிரமப்பட்டு மெதுவாக எடுத்த ரத்தம் குழாயிலேயே உறைந்தாலும் இதே கூத்து நடக்கும்.

டெங்குவில் பிளேட்லெட்டை விட முக்கியமான எண் ஹீமடோக்ரிட். தாளில் பிசிவி என்றும் இருக்கும். ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீத இடம் பிடித்திருக்கிறது என்ற கணக்கு. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறும்போது மிச்சம் கெட்டியாகி, இந்த எண் ஏறும். சாதாரணமாக அது ஹீமோகுளோபினைப் போல மூன்று மடங்கு இருக்கும். முதல் நாள் 36 இருந்தது நாலாம் நாள் 43 ஆனால் ஏறத்தாழ 20 சதவீத ஏற்றம். கசிவு கணிசமாக நடக்கிறது என்று பொருள். ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு 40 என்று வந்தால் தாள் அதை இயல்பு என்று காட்டும். அவருடைய பழைய எண் 31 என்றால் அது ஆபத்து. முதல் வருகையிலேயே இந்த எண்ணை எடுத்துக் குறித்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எந்தச் சோதனை, எந்த நாள்

டெங்குவுக்கு முதல் ஐந்து நாள் என்எஸ்1, அதாவது வைரஸின் புரதத்தைத் தேடும் சோதனை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஐஜிஎம், அதாவது உடம்பு உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனை. இரண்டாம் நாளில் ஐஜிஎம் மட்டும் எடுத்து "டெங்கு இல்லை" என்று அனுப்புவதும், ஏழாம் நாளில் என்எஸ்1 மட்டும் எடுத்து அனுப்புவதும் ஒரே தவறின் இரு முனைகள். ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு என்எஸ்1 சீக்கிரமே மறைந்துவிடும். ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் நிற்கும் என்பதால் புரட்டாசியில் வந்துபோன டெங்கு மார்கழி டைபாய்டின் பழியைத் தன்மேல் சுமந்துகொள்ளும்.

மலேரியாவுக்கு நாளும் இல்லை, நேரமும் இல்லை. குளிர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். விரலில் குத்தி ஒரே தகட்டில் கெட்டிப் பூச்சும் மெல்லிய பூச்சும் போடுங்கள். கெட்டிப் பூச்சு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ஈரமாக இருக்கும்போதே அடியில் செய்தித்தாளை வையுங்கள். எழுத்து மங்கலாகப் படிக்க வர வேண்டும். படிக்கவே முடியாவிட்டால் காயும்போது உரிந்துவிடும். முதல் பூச்சில் கிருமி தெரியாவிட்டால், சந்தேகம் இருக்கும்வரை 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை பாருங்கள். ஃபால்சிபாரத்தைக் காட்டும் கார்டு, மருந்து முடிந்து வாரக்கணக்கிலும் கோட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். குணமானதா என்று பார்க்க அது உதவாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய்ச்சல் என்ற இலக்கணம் முதல் வாரத்தில் அமைவதே அரிது. தினமும் காய்வதால் மலேரியா இல்லை என்று தள்ளாதீர்கள்.

டைபாய்டுக்கு முதல் வாரத்தில் ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான் சான்று. ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன், பெரியவருக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. மூன்று மில்லி எடுத்து அனுப்பினால் கிருமி வளராததற்குக் கிருமி காரணமில்லை. தோலைத் துடைத்த மருந்து காயும் முன் குத்தாதீர்கள். தோலில் இருக்கும் கிருமி வளர்ந்து குழப்பும். ஆய்வகத்துக்குப் போகும்வரை பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது.

டைபாய்டுக்கான எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் தேடும் விடால் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. 1896ல் வந்த சோதனை. நம் ஊரில் "விடால் பாசிட்டிவ், டைபாய்டு" என்று எழுதப்படும் தாள்களில் பாதியை நம்ப முடியாது என்பதே எங்கள் கணிப்பு. முதல் வாரத்தில் அது பெரும்பாலும் ஏறாது. பழைய டைபாய்டு, தடுப்பூசி, வேறு காய்ச்சல் எல்லாவற்றிலும் ஏறி நிற்கும். ஒற்றை விடால் தாளை நம்பி உண்ணிக் காய்ச்சல்காரருக்கு ஐந்து நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஏற்றி, ஆறாம் நாள் மூச்சு வாங்கும்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது மழைக்காலத்தில் திரும்பத் திரும்ப நடப்பது. அந்த மருந்து டைபாய்டுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் வேலை செய்யும். உண்ணிக் காய்ச்சல் கிருமி செல்லுக்கு உள்ளே வாழ்வது, அதைத் தொடாது.

உண்ணிக் காய்ச்சலுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் ஐஜிஎம் எலைசா என்ற ஆய்வகச் சோதனை. ஐந்திலிருந்து ஏழு நாள் கழித்துத்தான் தெரியத் தொடங்கும். எனவே பொருக்கோ கெண்டை வலியோ தெளிவாக இருந்தால், முடிவு வரும்வரை மருந்தைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

முடிவு வரும்வரை

பாரசிட்டமால் மட்டும். எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில் 125 உள்ள சிரப்பு என்றால் 6 மில்லி. 5 மில்லியில் 250 உள்ளது என்றால் 3 மில்லி. இரண்டு பாட்டிலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். "ஒரு மூடி குடுங்க" என்று சொல்லி அனுப்பாமல், பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி லேபிளைப் படித்து அளவைக் காட்டுங்கள்.

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் ஆகியவை டெங்கு இல்லை என்று தெளியும்வரை கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். இடுப்பில் போடும் ஊசி இதே காரணத்துக்காக வேண்டாம், தட்டணு குறைந்தவருக்கு உள்ளே ரத்தம் கட்டும். வெளியில் ஊசி போட்டுக்கொண்டு வந்தவரிடம் என்ன ஊசி என்று கேளுங்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் ஒரு நாள் காய்ச்சல் மறைந்து, உங்கள் நாள் கணக்கே குழம்பிவிடும்.

குடிப்பதற்கு உப்புப் போட்ட கஞ்சி, மோர், இளநீர், ஓஆர்எஸ் என்ற உப்பு சர்க்கரைக் கரைசல். வெறும் தண்ணீராகவே ஊற்றிக்கொண்டிருக்கக் கூடாது. ஓஆர்எஸ் பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கானதும் 200 மில்லிக்கானதும் உண்டு. பெரியதைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் போடுவது தப்பு. பீட்ரூட், மாதுளைச் சாறு வேண்டாம். வாந்தி எடுத்தால் சாறா ரத்தமா என்று தெரியாது. பப்பாளி இலைச் சாற்றுக்கும் அதே பதில்தான்: வாந்தியைக் கூட்டி, உள்ளே போக வேண்டிய நீரையும் வெளியே தள்ளும்.

காய்ச்சல் விடும் நாள்

மற்றக் காய்ச்சல்களில் சூடு இறங்கினால் நிம்மதி. டெங்குவில் அன்றைக்குத்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும் நேரத்தை ஒட்டி 24 முதல் 48 மணி நேரம் நீர் கசியும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் அல்லது மூக்கில் ரத்தம், காரணமில்லாத சிடுசிடுப்பு அல்லது சோர்ந்து சாய்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே சேர்க்க வேண்டும்.

கையைப் பிடித்துப் பாருங்கள். நெற்றி சூடில்லை, விரல் சில்லென்று இருக்கிறது. நகத்தை ஐந்து எண்ணும்வரை அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த நகம் "ஒன்று, இரண்டு" என்று நிதானமாகச் சொல்வதற்குள் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை என்றால் ரத்த ஓட்டம் குறைகிறது. மேல் எண் 100, கீழ் எண் 85 என்று அழுத்தம் காட்டும். 100 இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். இரண்டுக்கும் இடையே 20 அல்லது அதற்குள் சுருங்கினாலே அதிர்ச்சி நிலை. இந்த நேரத்தில் நோயாளி தெளிவாகப் பேசுவார், தானே நடந்து வருவார். அந்தத் தெளிவை நம்பித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான் இரவில் ஆம்புலன்ஸில் வருகிறார்கள்.

மருந்து சொல்லும் பதில்

வைத்தியம் தொடங்கிய பின்னும் பிரித்தறிதல் முடிவதில்லை. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் இரண்டு வேளை, ஏழு நாள் என்பது பெரியவருக்கான வழக்கம், கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். தொடங்கி 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் முதலில் விழுங்கிய விதத்தைக் கேளுங்கள்: பாலோடு, இரும்புச்சத்து மாத்திரையோடு, வயிற்றெரிச்சல் மருந்தோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண்ணாகும். விழுங்கியது சரி, காய்ச்சல் நிற்கிறது என்றால் நோயின் பெயரைத்தான் மறுபடி யோசிக்க வேண்டும்.

டைபாய்டுக்கு இந்த அவசரம் ஆகாது. சரியான மருந்திலும் சூடு அடங்க நாலைந்து நாள் பிடிக்கும். இரண்டாம் நாளே மருந்தை மாற்றுவதால் குழப்பம்தான் மிஞ்சும். ஆனால் மூன்றாம் வாரத்தை ஒட்டித் திடீரென்று வயிறு பலகையாக இறுகினால் குடல் ஓட்டை. அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு உடனே.

ஒருவருக்கு இரண்டு காய்ச்சல் சேர்ந்தும் வரும். என்எஸ்1 பாசிட்டிவ் என்று வந்தவரின் காய்ச்சல் ஏழாம் நாளைத் தாண்டினால், அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு உடம்பை மறுபடி முதலிலிருந்து தேடுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டின் பின்பக்கம் நாலு வரி எழுதிக் கொடுங்கள்: காய்ச்சல் தொடங்கிய தேதி, இன்று எத்தனையாவது நாள், இன்றைய ஹீமடோக்ரிட்டும் தட்டணுவும், மறுபடி வர வேண்டிய தேதி. டெங்குச் சந்தேகம் இருந்தால் காய்ச்சல் விட்டு 48 மணி நேரம் ஆகும்வரை தினமும் வரச் சொல்லுங்கள். கூட வந்தவரை வாய்விட்டு ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் எந்தக் கிழமை வர வேண்டும், எது நடந்தால் நடுராத்திரியானாலும் வர வேண்டும் என்பதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள்.